மாமாவுக்கும் முடியலையா?

மார்ச் 3

முடி துறந்த மகாராணியின் திருமுன்,

அகில உலக வழுக்கையர் மாமன்றத்தின் நிரந்தரத் தலைவரும், எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் தேர்வானவரும், உன் ஒரே அண்ணனுமாகிய நான் பணிந்து எழுதிக்கொள்வது.

உத்தரவு கிடைத்தது. 'போன் பண்ணாதே. மருந்தில் வாயெல்லாம் புண், பேசினால் எரிகிறது. நீயும் எங்கே பேசுகிறாய், மூக்கைத்தானே உறிஞ்சுகிறாய். எழுது. எழுத்தில் மூக்குச் சத்தம் கேட்காது.' நாலே வரியில் என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய். அது ஜலதோஷம் தாயே. ஏழு கண்டத்து வைத்தியர்களும் கைவிட்ட ஜலதோஷம். அப்புறம், 'வரவும் வேண்டாம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அழுகிற அழுகையில் நர்சுகள் என்னை விட்டுவிட்டு உனக்கு மருந்து ஏற்றிவிடுவார்கள்' என்று ஒரு வரி. இதை மறுக்க ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தலையணையில் கொத்துக் கொத்தாய்க் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். வருக, வருக. இந்தக் குடும்பத்தில் மாமன்றத்துக்கு வரும் முதல் பெண் உறுப்பினர் நீதான். நான் இருபத்தெட்டு வயதிலேயே சேர்ந்துவிட்டவன் என்பதால் சில நுணுக்கங்களைச் சொல்லிவைக்கிறேன். முகம் கழுவும்போது எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் சிக்கல். முன்பு முடி ஓர் எல்லைக்கல் மாதிரி நிற்கும். இனி அது கிடையாது. நான் ஒருமுறை சோப்போடு கிளம்பிப் பிடரி வரை போய், வழி கேட்டுத் திரும்பி வந்தேன். அடுத்தது குளிர். ஊரில் எந்த மூலையில் யார் ஜன்னலைத் திறந்தாலும் முதலில் உன் தலைக்குத்தான் தகவல் வரும். மூன்றாவது வெளிச்சம். நான் பழுது பார்க்கிற லிஃப்டுகளின் குழிக்குள் விளக்குப் போடும் வழக்கமே போய்விட்டது. நான் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், பதினெட்டாம் மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து பல் விளக்கப் போய்விடுகிறார்கள்.

வாண்டு என்ன சொல்கிறாள்? அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? ஆறு வயதுக்காரியிடம் பொய் சொல்வது கஷ்டம். எனக்கே அவளிடம் இதுவரை ஒன்றுகூட எடுபட்டதில்லை.

ஒளி வீசும்,
அண்ணன்

மார்ச் 11

அண்ணா,

உன் தலை எனக்கு இப்போது தேவைப்படுகிறது என்பதால் உன் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

உதிர்வதைக் காத்திருந்து பார்க்கப் பிடிக்கவில்லை. வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தபோது சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தாடி மழிக்கிற மெஷினால் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். ரொட்டிக்கடையில் மாவு வெட்டிப் பழகிய கை, நேர்த்தியாகத்தான் செய்தார். முடித்ததும் உச்சந்தலையில் இரண்டு விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தார், ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்ப்பது போல. நான் சிரித்துவிட்டேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விக் ஒன்று வாங்கினோம். அதை வைத்தால் செய்தி வாசிக்க வந்தவள் மாதிரி இருக்கிறேன். "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால்கூட எங்கேயோ வெள்ளம் வந்துவிட்டது என்று அறிவிப்பது போல இருக்கிறதாம். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்கிறேன். வீட்டில் அதுவும் இல்லை.

வாண்டுவிடம் அதிகம் சொல்லவில்லை. முதல் தடவை மருந்து ஏற்றப் போன அன்று, "அம்மாவுக்கு முடியலடா, அதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன். முடி கொட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மழித்த அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், என் தலையைப் பார்த்தாள், கத்தவில்லை. "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் காலை சீப்பை எடுத்தேன். ஓடிவிட்டாள்.

அதிலிருந்து ஒரு நாளும் தலையைத் தொட விடுவதில்லை. அதற்கு முன் நான் போட்ட சடை அப்படியே திரி திரியாகக் கிடக்கிறது. தூங்கும்போது குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு தூங்குகிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள், என் பக்கத்தில்தான் படுக்கிறாள். தலைக்கு மட்டும் கை போனால் இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள்.

அவர் விடியுமுன் கடைக்குப் போய்விடுவார், உனக்குத் தெரியும். காலையில் அவளை என் முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துச் சடை போடுவதுதான் எனக்கும் அவளுக்குமான நேரம். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அப்போதுதான் வரும். மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டாயிற்று, சமையல் அவர் தலையில், துணி துவைக்கவும் விடமாட்டேன் என்கிறார். மிச்சம் இருந்தது அந்தச் சடை ஒன்றுதான் அண்ணா. என் தலையைப் பார்த்து என் கை அவளுக்குப் பயமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அருவருப்பு என்று எழுத மனம் வரவில்லை.

தங்கை

மார்ச் 19

பேரன்புக்குரிய மகாராணிக்கு,

மாமன்றத்தின் அவசரக் கூட்டம் நேற்று என் தலைமையில் கூடியது. வந்தவன் நான் ஒருவன்தான் என்றாலும் விவாதம் அனல் பறந்தது. ஒரு நாற்காலி உடைந்தது.

தீர்மானம் இது: வாண்டு பயப்படுவது உன் கையைப் பார்த்து அல்ல, வழுக்கையைப் பார்த்து. அவள் பிறந்ததிலிருந்து என்னைத் தொப்பியோடுதான் பார்த்திருக்கிறாள். வேலைக்குப் போடுகிற தொப்பியை நான் உன் வீட்டுக்கு வந்தாலும் கழற்றுவதில்லை. காரணம் கேட்காதே, எனக்கும் கொஞ்சம் அழகுணர்ச்சி உண்டு. ஆகவே உலகத்தில் வழுக்கை என்று ஒன்று இருப்பதையே குழந்தை உன் தலையில்தான் முதன்முதலாக உற்றுப் பார்த்திருக்கிறாள். பழக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இத்துடன் என் தலையின் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் அல்ல, பின்பக்கம். அதில் மை பேனாவால் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து கொடுத்தவர் எங்கள் பெயின்டர். அன்று முழுவதும் எந்தப் பக்கம் நான் போகிறேன், எந்தப் பக்கம் வருகிறேன் என்று தெரியாமல் ஒரு கட்டடமே ஸ்தம்பித்துப்போனது. லிஃப்டில் என் பின்னால் நின்ற ஒரு பெரியவர் என் பிடரியிடம் "நாலாவது மாடி" என்று சொன்னார்.

இதை வாண்டுவிடம் காட்டு. சிரிப்பாள். சிரித்த கையோடு சீப்பை எடு.

வெற்றி நமதே,
அண்ணன்

மார்ச் 28

அண்ணா,

படத்தைக் காட்டினேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், உதடு பிதுங்கியது, "மாமாவுக்கும் முடியலையா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

"மாமா நல்லாதான்டா இருக்கான், கல்லு மாதிரி இருக்கான்" என்றேன்.

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியும்."

உன் படத்தை மேஜை மேல் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் என் விட்டமின் மாத்திரை ஒன்றும் வைத்திருக்கிறாள். தினமும் தண்ணீரை மாற்றுகிறாள். அதோடு நின்றால் பரவாயில்லை. கீழ் வீட்டுத் தையற்காரரைத் தெரியுமல்லவா, மலை மாதிரி இருப்பாரே, அவர் படியேறி வந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள். மருந்துக்கடைக்காரரிடம் போய், "நீங்களே இந்த மருந்தையெல்லாம் சாப்பிடலாமே அங்கிள்" என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் ஓடச் சொன்னபோது, "நீங்க உக்காருங்க சார், உங்களுக்கு முடியலல்ல, நாங்களே ஓடிக்கிறோம்" என்றாளாம். அந்த மனிதர் போன வருஷம் ஊர் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினவர். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று மிகவும் பதமாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் நோயாளி ஆக்குகிற அளவுக்கு அவளைப் பயமுறுத்திவிட்டேனா?

சீப்புக் கதை அப்படியேதான். இப்போது சீப்பையே காணோம். எங்கே ஒளித்து வைத்தாளோ.

இனிமேல் படம் எதுவும் அனுப்பாதே. கோபமாகத்தான் எழுதுகிறேன். உனக்கு எதைச் சொன்னாலும் வேடிக்கை. என் முடி போனாலும் வேடிக்கை, பிள்ளை என்னைத் தொட விடாவிட்டாலும் வேடிக்கை. எனக்கு எப்போதாவது ஒரு நாள் வேடிக்கை பண்ணாத அண்ணன் ஒருவன் வேண்டும். அப்படி ஒருவன் உன்னிடம் இருந்தால் அவனை எழுதச் சொல்.

தங்கை

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்ட அண்ணன் எழுதுகிறேன். அவனுக்கு எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள். உன் முடி போனது எனக்கு வேடிக்கை இல்லை. சின்ன வயதில் நீ தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் தெறிக்கிறது என்று உன்னோடு சண்டை போட்டது இந்த வாரம் முழுக்க நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் காகிதம் நனைந்துவிடும், தபால்காரர் என்னவோ ஏதோ என்று நினைப்பார்.

இனி மற்றவனை உள்ளே விடுகிறேன், ஏனென்றால் அவன் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான்.

மூன்று நாளாக எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் அல்ல, என் நெற்றியில் தோசைக்கல்லைக் காய்ச்சியிருக்கலாம், நெற்றியும் கழுத்து வரை இருப்பதால் நான்கைந்து கல். காலையில் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். வேலை பிரித்துக் கொடுக்கிற அம்மாள் எடுத்தார்.

"இன்னைக்கு எனக்கு முடியலைங்க" என்றேன்.

"அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே அண்ணே. லீவுக்குக் காரணம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஆபீசே சிரித்தது. நான் போர்வையை இழுத்து மூடினேன். மூடியவன் மறுபடி எழுந்து உட்கார்ந்தேன்.

முடியல. முடி இல்ல. சத்தமாகச் சொல்லிப் பார். கொஞ்சம் வேகமாகச் சொல்.

நீ வாண்டுவிடம் முதலில் என்ன சொன்னாய்? "அம்மாவுக்கு முடியல." அவள் காதில் என்ன விழுந்திருக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வியாதிக்குப் பேரே அதுதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டாள். முடி இல்லாவிட்டால் முடியல. அதனால்தான் தையற்காரருக்கு முடியல, விளையாட்டு வாத்தியாருக்கு முடியல, எனக்கு ரொம்ப நாளாகவே முடியல. என்னைப் படத்தில் பார்த்ததும் அவள் அழுததில் வியப்பில்லை. அவள் கணக்கில் நான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவன்.

இனி சீப்பை யோசி. சீப்பில் வாரினால் நாலு முடி வரத்தான் செய்யும். நமக்கு அது குப்பை. அவளுக்கு? அவள் உன் கையைப் பார்த்து ஓடவில்லை அம்மா. அவள் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறாள்.

முடியைப் பற்றி இத்தனை சிலேடை அடித்த எனக்கு இது இத்தனை நாள் கேட்கவில்லை. கேட்டுப் பார். நான் சொல்வது தப்பாக இருந்தால் மாமன்றத்தைக் கலைத்துவிடுகிறேன்.

அண்ணன் (இருவரும்)

ஏப்ரல் 14

அண்ணா,

மாமன்றத்தைக் கலைக்க வேண்டாம்.

கேட்டேன். சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "முடியலைன்னா என்னடா அர்த்தம்?" என்றேன். இதுகூடத் தெரியாதா என்பது போல என் தலையைக் காட்டினாள்.

"நீ முதல்ல முடியலன்னு சொன்னப்போ உனக்கு இருந்துச்சும்மா. பொய்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா நிஜமாவே போயிடுச்சு."

உள்ளே ஓடிப்போய்ப் பழைய பென்சில் டப்பாவைக் கொண்டுவந்தாள். சீப்பு அதில்தான் இருந்தது. கூடவே அவளுடைய முடிகள். தலையணையில், சட்டையில் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"எனக்கும் கொஞ்சம் கொஞ்சம் முடியாமப் போகுதும்மா. உன்கிட்ட சொல்லலை. உனக்கே முடியல."

அண்ணா, ஒரு மாதமாக இவள் தனியாக இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள், என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று. நான் அருவருப்பு என்று நினைத்தேன்.

முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன். நெஞ்சில் ஒரு கட்டி வந்திருக்கிறது, அதற்குப் பெயர் புற்றுநோய், வியாதி அதுதான், முடி இல்லாதது வியாதி இல்லை என்றேன். "அந்தக் கட்டி ரொம்ப வேகமா வளரும். மருந்து அதைத் தேடி அடிக்குது. ஆனா மருந்துக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வேகமா வளர்றது எதைப் பார்த்தாலும் அடிச்சிடும். முடியும் வேகமா வளரும்ல, அதான் அடி வாங்கிடுச்சு. மருந்து நின்னதும் திரும்ப வரும்."

"உங்க கடையில இருந்து மருந்துக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கலாம்ல?"

இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் நின்று எனக்குத் தோன்றவில்லை பார்.

"கட்டி போயிடுமா?" என்று கேட்டாள். அதற்குத்தான் டாக்டரும் நானும் பாடுபடுகிறோம் என்றேன். யோசித்தாள். பிறகுதான் கொக்கி போட்டாள். "அப்ப மாமாவுக்கும் கட்டியா?"

"இல்லடா, அவனுக்குச் சும்மா கொட்டிடுச்சு."

"சும்மா எப்படிக் கொட்டும்?"

நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். சீப்பைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். உன்னை நேரில் பார்க்க வேண்டுமாம். முடியில்லாத ஒரு ஆள் முழு ஆரோக்கியமாக நடமாடுவதை அவள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம். தையற்காரர் செல்லாது, அவர் படியேறும்போது மூச்சு வாங்குகிறாராம்.

காய்ச்சல் முழுதாக விட்ட பிறகு வா. எனக்கு எதுவும் தொற்றக்கூடாது. தொப்பி இல்லாமல் வா. முதலில் வராதே என்று எழுதியது நீ அழுவாய் என்பதற்காக மட்டும் இல்லை. நீ அழுதால் நானும் அழ வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பில்லை என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் தெம்பு இருக்கிறது.

தங்கை

மே 2

மகாராணிக்கும் அவருடைய தலைமை மருத்துவருக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால்கள் நாளைக்கு வரும் என்று நினைக்கிறேன், உன் வீட்டு மாடிப்படியிலேயே விட்டுவிட்டேன்.

உலகத்தின் பாதி லிஃப்டுகளை ஓடவைக்கிற ஒருவனை லிஃப்டில் ஏறாதே என்று சொல்லி மூன்று மாடி ஏறி இறங்க வைத்த கொடுமை சரித்திரத்தில் இல்லை. வாண்டு வாசலில் நின்று என் மூச்சைக் கவனித்தாள். நான் மூக்கால் விட்டேன், வாயைத் திறக்கவே இல்லை. பிறகு ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னாள். மாப்பிள்ளையின் மாவு மூட்டையைத் தூக்கச் சொன்னாள், அதை அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார், மறக்கமாட்டேன். கடைசியில் என்னை உட்காரவைத்துத் தலை முழுவதும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். என் இத்தனை வருஷத்து அழகுணர்ச்சி அங்கே மடிந்தது. ஆனால் தீர்ப்பை அவள் சொன்னபோது நீ அடுப்படியில் இருந்தாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

"மாமாவுக்கு முடி இல்ல. ஆனா முடியும்."

எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. மாமன்றத்தின் கொடியில் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினேன் என்று மாப்பிள்ளையிடம் புகார் சொன்னாயாம். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், எங்கே நிறுத்துவது என்பது சிக்கல் என்று. நீ மட்டும் என்னவாம்? வெங்காயமே இல்லாத வீட்டில் வெங்காயம் நறுக்கினேன் என்கிறாய்.

ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. நான் கிளம்புகிற வரைக்கும் அவள் தலையை நீட்டவில்லை. என்னை நம்பிவிட்டாள், தன்னை நம்பவில்லை போல. அவசரப்படுத்தாதே. சீப்பைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு உன் வேலையைப் பார். ஏதாவது நடந்தால் அன்றே எழுது. நடக்காவிட்டாலும் எழுது.

முடியும்,
அண்ணன்

மே 9

அண்ணா,

அடுத்த மருந்து போன வாரம் ஏறியது. இரண்டு நாள் படுக்கை, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். புருவமும் போய்விட்டது. இப்போது எதைக் கேட்டாலும் வியப்பே இல்லாத முகம் எனக்கு. நீ புளுகுவதைக் கேட்க ஏற்ற முகம்.

இன்று காலை அவர் கடைக்குப் போய்விட்டார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாண்டு சீருடை போட்டுக்கொண்டு, ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடுகிற சாக்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனாள். திடீரென்று வந்து என் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா" என்றாள்.

இரண்டு மாதத்துச் சிக்கு, அண்ணா. அது தலை இல்லை, குருவிக் கூடு. எண்ணெயைத் தடவி நுனியிலிருந்து ஒவ்வொரு பிரியாக எடுத்தேன். என் விரல் நுனியெல்லாம் மருந்தில் மரத்துக் கிடக்கிறது, பிடி நழுவியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும்தான். கொஞ்ச நேரம் போனதும் கழுத்து தளர்ந்து என் முழங்காலில் சாய்ந்தது. "உனக்குத் தெரியுமா, எங்க கிளாஸ்ல ஒருத்தன் அழிரப்பரை முழுங்கிட்டான்" என்று ஆரம்பித்தாள். இரண்டு மாதக் கதை. யாரோடு யாருக்குக் காய், யார் யாருக்குப் பழம், டீச்சர் எதற்கு அழுதார், விளையாட்டு சார் இவளை வகுப்புத் தலைவி ஆக்கியது என்று மடை திறந்த மாதிரி. வெளியே பள்ளி வண்டி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். போய்விட்டது. தையற்காரர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

இரண்டாவது சடைக்குப் பிரிக்கும்போது சீப்பில் ஒரு கொத்து வந்துவிட்டது. சிக்கோடு வந்த முடி, கொஞ்சம் நிறையவே. மறைக்கலாம் என்று கையை மடக்கினேன். அதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. என் விரலைப் பிரித்து அந்த முடியை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஜன்னல் பக்கம் கையை நீட்டி, ப்பூ என்று ஊதிவிட்டாள்.

"அப்புறம் கேளும்மா," என்றாள், "அந்த ரப்பர் மறுநாள் என்ன ஆச்சுன்னா..."

தங்கை